எறிவதற்கு இடமில்லாத ஊர்

கணனி விளையாட்டொன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பரொருவர் முகத்தைச் சுளித்தார். "வாத்தியாருக்கு வயசு போற நேரத்தில வந்த ஆசை" என்றார். சுடுவதும் வெட்டுவதும் கார் ஓட்டுவதுமாகவே அவர் இந்த விளையாட்டுக்களை அறிந்து வைத்திருக்கிறார். நான் சொல்ல வந்தது குப்பை அள்ளுகிற ஒரு விளையாட்டைப் பற்றி. மலசலகூடத்தை எங்கே கட்டுவது, நாறுகிற மண்ணை எங்கே வைப்பது, யார் அதைச் சுமப்பது என்பதே அதில் பாதி வேலை.

'ஒக்சிஜன் நொட் இன்குலூடட்' என்பது அதன் பெயர். ஒட்சிசன் இதில் சேர்த்தியில்லை என்று பொருள் கொள்ளலாம். கனடாவின் வன்கூவர் நகரிலுள்ள கிளெய் என்டர்டெயின்மன்ட் என்ற நிறுவனம் 2017 மே மாதத்தில் இதை முற்றுப்பெறாத நிலையில் வெளியிட்டு, 2019 ஜூலையில் முழுமையாக்கித் தந்தது. 2020இல் பாடசாலைகள் மூடிக் கிடந்த மாதங்களில் மூத்த மகன் வீட்டுக் கணனியில் இதைப் போட்டான். "வாப்பா, இது உங்கட பாடந்தான், வந்து பாருங்க" என்று கூப்பிட்டவனும் அவன்தான்.

விண்வெளியில் மிதக்கும் ஒரு பாறைக் கோளின் வயிற்றுக்குள் மூன்று பேருடன் ஆட்டம் தொடங்குகிறது. அவர்கள் பிறந்தவர்களல்லர், ஓர் இயந்திரத்தால் அச்சிடப்பட்ட பிரதி மனிதர்கள். சுற்றிலும் மண், கல், கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் பாசி, சில நாட்களுக்குப் போதுமான ஒட்சிசன். குடைய வேண்டும், கட்ட வேண்டும், பயிர் வைக்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு தடவை இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆள் கூடக் கூட மூச்சும் கூடும், மலமும் கூடும். ஆளுகிறவரும் பொறியியலாளரும் பிரதேச சபைத் தவிசாளரும் நாமேதான்.

அந்த மனிதரில் ஒருவர் ஒரு செக்கனுக்கு 100 கிராம் ஒட்சிசனைச் சுவாசித்து 2 கிராம் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறார். அந்த வாயு பாரமானது, கீழே இறங்கிக் குழியை நிரப்பும். ஐதரசன் மேலே ஏறிக் கூரையில் தங்கும். ஆரம்பத்தில் கட்டக்கூடிய மலசலகூடம் மண் போட்டு மூடுகிற வகை. அது நிறைந்ததும் ஒருவர் வந்து அள்ள வேண்டும். அள்ளியது மாசடைந்த மண். அதை வெளியில் போட்டால் மாசடைந்த வாயு கசிந்துகொண்டேயிருக்கும். அள்ளாமல் விட்டாலோ, அடுத்தவர் அடக்க முடியாமல் நின்ற இடத்திலேயே அசுத்தம் செய்துவிடுவார், மன உளைச்சலும் ஏறும். மறைக்கவோ பூசி மெழுகவோ வழியில்லாத கணக்கு.

களஞ்சியம் இதைவிடச் சிக்கலானது. ஒரு சேமிப்புப் பெட்டி 20,000 கிலோகிராம் கொள்ளும். ஆனால் அதைக் கட்டிவிட்டால் மட்டும் ஒன்றும் உள்ளே போகாது. எதை ஏற்பது, எதை ஏற்காமல் விடுவது என்று ஒவ்வொரு பொருளாகக் குறித்துக் கொடுக்க வேண்டும். எந்தப் பெட்டி முதலில் நிரம்ப வேண்டும் என்பதற்கு 1 முதல் 9 வரை முன்னுரிமை இலக்கமும் இட வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் போடச் சொல்வார்கள். செப்புத் தாதும் விதையும் சேறும் ஒன்றாய்க் குவியும். பெட்டியே இல்லாமல் தரையில் சிதறவிட்டால் பார்க்கிற கண்ணுக்கு அருவருப்பு, அந்த மனிதர்களின் மனநிலையையும் அது கெடுக்கும். பெட்டியைத் தூரத்தில் வைத்தால் சுமப்பவரின் நாள் முழுவதும் நடையிலேயே கழியும். களஞ்சியம் என்பது இடத்தைப் பற்றிய விடயமாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு மனிதனின் நேரத்தைப் பற்றியது.

இதை விளையாடும்போதெல்லாம் எனக்கு உம்மாவின் குசினி நினைவுக்கு வரும். சிரட்டை ஒரு மூலையில், தும்பு இன்னொரு மூலையில், அடுப்புச் சாம்பல் பானை விளக்கத் தனியாக ஒரு தகரத்தில். மீன் கழுவிய தண்ணீர் முருங்கையடிக்கு. அரிசி களைந்த தண்ணீர் மாட்டுக்கு. அந்தக் குசினியில் குப்பைத் தொட்டி என்று ஒன்று இருக்கவில்லை. அப்படியொரு சாமானை வாங்குவதற்கு உம்மாவுக்குத் தேவையே வரவில்லை.

விளையாட்டும் மெல்ல மெல்ல அந்தக் குசினியின் பக்கம்தான் நம்மைத் தள்ளுகிறது. மாசடைந்த மண்ணைக் கூட்டெருத் தொட்டியில் போட்டு இடையிடையே புரட்டிக் கொடுத்தால் நல்ல மண் கிடைக்கும். தண்ணீர் ஊற்றும் மலசலகூடத்தைக் கட்டியதும் வேறொரு கணக்கு வருகிறது. ஒரு தடவை பயன்படுத்த 5 கிலோகிராம் தண்ணீர் போகிறது, 11.7 கிலோகிராம் அழுக்குத் தண்ணீராய் வெளியே வருகிறது. அதை மணல் கொண்டு வடிக்கும் இயந்திரத்துக்கு அனுப்பினால் மீண்டும் தெளிந்த தண்ணீர். கழிவறை தன் தண்ணீரைத் தானே தேடிக்கொண்டு மிச்சமும் கொடுக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. வடிகட்டி அழுக்கை எடுக்குமே தவிரக் கிருமியைக் கொல்லாது. பார்வைக்குத் தெளிந்திருக்கிறது என்று அந்தத் தண்ணீரைச் சமையலுக்கு விட்டவருடைய ஊரில் வயிற்று நோய் பரவும். அதைக் கழிவறைக்கே திருப்பி விடுபவர் தப்பிக்கொள்வார்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மூச்சில் கழிவாக வெளிவந்த காபனீரொட்சைட்டு கீழே இறங்குகிறதல்லவா? ஊரின் அடியில் ஒரு குழி வெட்டி அதை அங்கே தேங்கவிட்டு, அதற்குள் உணவுப் பெட்டியை இறக்கினால் உணவு கெடுவது குறையும். குளிரையும் கூட்டி உறைய வைத்தால் கெடவே கெடாது. மூச்சை அடைக்கிற வாயு சோற்றைக் காக்கிறது. ஆசிரிய கலாசாலையில் காபன் வட்டத்தையும் நைதரசன் வட்டத்தையும் அம்புக்குறி போட்டு வரைந்து மனனம் செய்தோம். அந்த அம்புகளில் ஒன்று தவறினால் என்ன நடக்கும் என்பதைப் படம் காட்டவில்லை. இங்கே அம்பு தவறினால் ஆள் செத்துப்போகிறார்.

எல்லாக் கழிவுக்கும் பெட்டி உண்டா என்றால் இல்லை. வெப்பத்துக்குப் பெட்டியில்லை. இயந்திரங்கள் சூட்டைக் கக்கும், தண்ணீரைப் பிரித்து ஒட்சிசன் எடுக்கும் கருவி 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வாயுவைத் தரும், பயிர் கருகும். பல ஊர்கள் அழிவது பஞ்சத்தாலல்ல, இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த சூட்டினால்தான். 125 பாகைக்கு மேற்பட்ட நீராவியை வாங்கி 95 பாகைத் தண்ணீராய்த் திருப்பித் தரும் சுழலியைக் கட்டும் வரைக்கும் ஆட்டக்காரருக்கு நிம்மதியில்லை. கோளின் உச்சிவரை குடைந்து போனால் வெறுவெளி இருக்கிறது. வாயுவை அங்கே விட்டால் மறைந்துவிடும். ஆனால் அனுபவசாலிகள் அதை விரும்பமாட்டார்கள். போனது போனதுதான், நாளைக்கு அதே வாயு தேவைப்படும்.

இந்த விளையாட்டு விற்பனைக்கு வருவதற்கு முந்திய மாதம், 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக்கு 'வெளியே' என்றிருந்த இடம் வேறு சிலருக்கு வீட்டு வாசல். எங்கள் மாவட்டத்தில், அம்பாறைப் பக்கத்துப் பள்ளக்காட்டில், 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் குப்பை மேட்டருகே இறந்து கிடந்தன. பிளாஸ்ரிக் தின்று அதற்கு முந்திய 8 ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே இறந்ததாகச் செய்திகள் கூறின. அங்கும் யாரோ எறிந்தது யாருடையவோ மேய்ச்சல் நிலத்தில் விழுந்தது. எறிதல் என்ற வினைச்சொல்லே கொஞ்சம் பொய்யானதென்று எனக்குப் படுகிறது. நாம் வைக்கிறோம், அவ்வளவுதான். பிறர் பார்க்கும் இடத்தில், நாம் பார்க்காத இடத்தில்.

ஒன்பதாந் தர விஞ்ஞானப் பாடத்துக்கு, பாடசாலை முடிந்த பின் வாரம் ஒரு நாள், இந்த விளையாட்டைச் சுவரில் பெரிதாகக் காட்டி ஆடத் தொடங்கினோம். அதன் ஒரு நாள் நமது 10 நிமிடம். ஒரு பாடவேளைக்குள் நாலு நாள் போகும், வேகத்தைக் கூட்டினால் இன்னும் அதிகம். பிரதி மனிதர்களுக்குப் பிள்ளைகள் தங்கள் பெயர்களையே சூட்டினார்கள். குடைபவர், சமைப்பவர், ஆராய்ச்சி செய்பவர் என்று பிரித்தார்கள். நான்காவதாக வந்தவருக்கு வகுப்பிலுள்ள ஒரு பையனின் பெயரை வைத்து, சுத்தம் செய்யும் வேலையை அவருக்கு மட்டும் கொடுத்தார்கள். வகுப்பு சிரித்தது. அந்தப் பையனின் வாப்பா குப்பை உழவு இயந்திரத்தில் வேலை செய்கிறார். பையனுக்கு ஒரு பட்டப் பெயரும் உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. அவன் சுவரைப் பார்த்தபடியே இருந்தான்.

நான் ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஏட்டு விதிகளுக்குக் கட்டுப்படாத ஓர் ஆசிரியர் உள்ளே இருக்கிறார், அவர் பேசட்டும் என்று விட்டேன். ஐந்தாறு நாளில் அவர் பேசினார். கழிவறைகள் நிறைந்தன. ஒற்றை ஆள் ஒன்றை அள்ளி முடிப்பதற்குள் மற்றது நிறைந்தது. ஆராய்ச்சி செய்பவர் தன் மேசைக்குப் பக்கத்திலேயே அசுத்தம் செய்தார். சமையற்காரர் அழுதுகொண்டு நின்றார். அள்ளிய மண்ணோ ஊரின் மறுகோடியிலிருந்த பெட்டிக்கு ஏணி ஏறி இறங்கிப் போக வேண்டியிருந்தது.

"சேர், நான் வந்து மாத்தட்டா?" என்றான் அந்தப் பையன்.

மூன்று காரியம் செய்தான். பெட்டியைக் கழிவறைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். கூட்டெருத் தொட்டியை அதற்கு அடுத்ததாக வைத்தான். வேலை அட்டவணையில் சுத்தம் செய்யும் நிரலை எல்லாப் பெயருக்கும் உயர்த்தினான்.

"தூரந்தான் சேர் பிரச்சினை" என்றான். "வாப்பா சொல்றவர், அள்ளுறது அரைவாசி, ரோட்டுல போறது அரைவாசியெண்டு. மத்தது, ஒராள் மட்டும் அள்ளினா முடியாது."

விடுமுறை நாட்களில் அவன் வாப்பாவுடன் போயிருக்கிறான். எந்தத் தெருவில் எந்த நேரம் எவ்வளவு சேரும் என்று அவனுக்குத் தெரியும். அவன் வைத்த ஒழுங்கில் அந்த ஊர் அந்தத் தவணை முழுவதும் பிழைத்துக் கிடந்தது. பட்டப் பெயர் ஒழிந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசை. ஒழியவில்லை, விளையாட்டு மைதானத்தில் பின்னரும் அது காதில் விழுந்தது. ஆனால் பெட்டி எங்கே வைப்பது என்று தர்க்கம் வரும்போது வகுப்பு அவன் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டது.

பின்பு பிள்ளைகள் பாடசாலைக் குப்பையையும் பிரிக்கத் தொடங்கினார்கள். இலை குழை ஒரு பையில், கடதாசி ஒன்றில், பிளாஸ்ரிக் ஒன்றில். வியாழக்கிழமை வந்த அந்தத் தகப்பன் பைகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆர் சேர் இப்படிக் கட்டினது?" என்று கேட்டார். வகுப்பைக் காட்டினேன். சந்தோசப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பிரிச்சுத் தந்தாலும் சேர், அங்க போய் எல்லாத்தையும் ஒண்டாத்தான் கொட்டுறம். இருக்கிறது ஒரு குழிதானே" என்றார்.

அடுத்த நாள் வகுப்பில் அதை அப்படியே சொன்னேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு முன்வரிசைப் பிள்ளையொன்று, "அப்ப ரெண்டாவது பெட்டிய ஆர் சேர் கட்டுறது?" என்று கேட்டது. அதையே பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதமாக எழுதச் சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதுதல் இந்தத் தவணைத் தமிழ்ப் பாடத்தில் எப்படியும் வருகிறது.