பாதம் பிடித்தால் பாவமா?

தமிழ்நாட்டில் காலுக்கு இரண்டு மரியாதை. பெரியவர் காலில் விழுந்தால் ஆசீர்வாதம். பெருமாளின் திருவடி என்று சடாரியைத் தலையில் வைத்தால் புண்ணியம். ஆனால் தெரியாமல் நம் கால் ஒருவர் மேல் பட்டுவிட்டால் மன்னிப்பு கேட்கவேண்டும், செருப்பைத் தூக்கிக் காட்டினால் வெட்டுக்குத்துதான்.

இந்த ஊரில் ஒருவன், "பெண்களின் பாதத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஆசை வருகிறது" என்று வாய்திறந்தால் என்ன ஆகும்? முதலில் சிரிப்பு. அப்புறம் 'சைக்கோ' என்று பட்டம். இதற்கு 'ஃபுட் ஃபெட்டிஷ்' என்று பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது. தான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

உண்மையில் இது அவ்வளவு அபூர்வம் இல்லை. 2007-ல் இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்தினர், இணையத்தில் இத்தகைய ஆசைகளைப் பேசும் நூற்றுக்கணக்கான குழுக்களைக் கணக்கெடுத்தார்கள். உடல் உறுப்புகளில் முதலிடம் பாதத்துக்கு, கிட்டத்தட்ட பாதிப்பேர். பொருட்களில் முதலிடம் ஷூ, சாக்ஸ் போன்ற காலணி வகைக்கு. ஆனால் இது குழுக்களுக்குள் எடுத்த கணக்கு. 'ஆண்களில் பாதிப்பேர்' என்று படிக்கக்கூடாது!

ஏன் பாதம்? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் ஒரு யூகம் சொன்னார். தொடு உணர்ச்சிக்கான மூளை வரைபடத்தில் பாதத்தின் இடமும் பிறப்புறுப்பின் இடமும் பக்கத்துப் பக்கத்து வீடு. சுவர் தாண்டி சத்தம் கேட்பதுபோல ஒன்றின் உணர்வு மற்றதற்குக் கசிகிறதோ என்றார். சுவாரஸ்யமான யூகம்தான், நிரூபணம் ஆகவில்லை.

சரி, இது வியாதியா? அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேட்டின்படி, அந்த ஆசை ஒருவருக்கு வேதனையையோ வாழ்க்கையில் பாதிப்பையோ தந்தால்தான் கோளாறு. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஃபெட்டிஷ் என்ற தலைப்பே நீக்கப்பட்டுவிட்டது.

டாக்டர்கள் இப்போது காட்டும் இந்த நிதானம், ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்ததாகச் சொல்லப்படும் ராமானுஜரிடம் அன்றே இருந்தது. உறங்காவில்லி என்ற மல்லன் தன் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டே தெருவில் போவானாம். ஊரே சிரித்தது. ராமானுஜர் மட்டும் கூப்பிட்டு ஏன் என்று கேட்டார். பிறகு அரங்கனின் கண்களைக் காட்டி அவனைச் சீடனாக்கினார் என்று கதை போகிறது. அங்கே கண், இங்கே கால். கவனிக்கவேண்டியது, அவர் முதலில் கேட்டார் என்பதுதான்.

அதே ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று தொழிற்சாலைகள், ஹாஸ்டல்கள், ஷிஃப்ட் பஸ்கள். பல ஊர் இளைஞர்கள் ஒரே அறையில் தங்கும் இடத்தில் இந்த ரகசியம் வெளியானால் கிண்டலிலேயே ஆள் ஓடிப்போவான். அது அநியாயம். அதேசமயம், பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணின் காலை அவளுக்குத் தெரியாமல் செல்போனில் படம் பிடித்துவிட்டு "எனக்கு இது இயற்கை" என்பவனுக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஆசை இயற்கையாக இருக்கலாம், அந்தக் கால் அவளுடையது.

கட்டிய மனைவியிடம் கூச்சமில்லாமல் சொல்லி, அவள் சரி என்றால் சந்தோஷம், வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. அவ்வளவுதான் விஷயம். இதில் சிரிக்கவோ பயப்படவோ என்ன இருக்கிறது?