தலைக்கணக்கு

செப்டம்பர் 6, 2025, சனி

இன்றோடு 41 விண்ணப்பம். ஒரே ஒரு சிங்கப்பூர்க் கம்பெனி பதில் போட்டிருக்கிறது: உங்களைப் பிடித்திருக்கிறது, கோட்டா இல்லை.

ஈப்போவில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள், கோட்டா கணக்கை இன்றுதான் உட்கார்ந்து படித்தேன். சேவைத் துறைக் கம்பெனியில் எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வரும் வெளிநாட்டு ஆட்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் இருக்கலாம். ஐந்து பேரை வைத்துத் தொழில் நடத்துகிறவருக்கு என்னைப் பிடித்து என்ன பயன்? இந்த மாதம் முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளமும் 3,150 சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து 3,300 ஆகிவிட்டது. வயது ஏற ஏற அதுவும் ஏறும். அதற்கு மேல், ஆளுக்கு மாதம் 650 வெள்ளி லெவி வரி முதலாளி தலையில். பாஸுக்கு மனுப் போடுவதும் அவர்தான், நான் இல்லை. இவ்வளவு நாளும் நல்ல கம்பெனியாகத் தேடினேன். தேட வேண்டியது இடம் உள்ள கம்பெனியை.

கோட்டாக் கணக்கில் உள்ளூர் ஆளையும் முழுசாக எண்ணுவதில்லை. மாதம் 1,600 வெள்ளி வாங்கினால்தான் ஓர் ஆள்; அதற்குக் கீழே 800 வரை வாங்குகிறவர் அரை ஆள். பாட்டியிடம் சொன்னேன். "புல்லு புடுங்கப் போனப்ப நானும் அர ஆளுதான்" என்றார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஈப்போவில் ஓர் ஏஜெண்ட். முன்பணம் 4,500 ரிங்கிட், வேலை உறுதி. எந்தக் கம்பெனி என்றேன்; அது பிறகு தெரியுமாம். சிங்கப்பூர்ச் சட்டப்படி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதம், அதற்கு மேல் வேலையாளிடம் வாங்கக் கூடாது. வேலையே இல்லாமல் எந்த மாதச் சம்பளம்? எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை. கரண்ட் இல்லை. பாட்டி வாயைத் திறந்தார்.

அவருடைய அப்பா, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர். கங்காணிக்குத் தலைக்காசு. கப்பல் செலவு 1907-இல் தொடங்கிய குடியேற்ற நிதியிலிருந்து. தமிழ்த் தொழிலாளி வேலை செய்த நாட்களை எண்ணி ஒவ்வொரு தோட்டமும் அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். லெவிதானே! 1938-இல் இந்தியா இப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் பாட்டியின் அப்பா வந்து சேர்ந்துவிட்டார்.

பாட்டி இங்கே, சுங்கை சிப்புட்டில், தோட்ட லயத்தில், 1940-இல் பிறந்தவர். மெர்டேக்காவுக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம். காலைப் பெரட்டில் பெயர் கொடுப்பதா, ஆபீசில் நிற்பதா? குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு ஐசியோடு இருந்துவிட்டார்கள். 1969 கலவரத்துக்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வொர்க் பெர்மிட் கட்டாயமானது. சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். பத்து வயதிலிருந்து பார்த்த அதே ரப்பர் மர நிரையில் பால் வெட்ட, பாட்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 29. எனக்கும் 29.

"யாரு பெர்மிட் எடுத்துக் குடுத்தது?"

"கிராணிதான் எழுதினாரு. அவரு வீட்டுக்குத் தண்ணி தூக்கினேன்."

நான் படிப்பெல்லாம் படித்துச் செய்வதும் கணக்கெழுதும் கிராணி வேலைதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

ஜொகூர் சித்தப்பா மகன் வந்திருந்தான். மலேசியர் என்றால் நமக்குச் சலுகை என்கிறான்: மற்ற நாட்டு வொர்க் பெர்மிட் ஆளுக்கு முதலாளி 5,000 வெள்ளி பிணை கட்ட வேண்டும், நமக்கு வேண்டாம். பெர்மிட்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை. சலுகை யாருக்கு என்று கேட்டேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரித்தான்.

நவம்பர் 8, சனி

வீடியோவில் நேர்காணல். "சுங்கை சிப்புட் எங்கே இருக்கிறது?" ஈப்போ பக்கம் என்றேன். நத்தை ஆறு என்று பெயருக்கு அர்த்தமும் சொன்னேன், தேவையில்லாமல்.

32 பேர் கொண்ட கம்பெனி. எஸ் பாஸில் மூன்று பேர். ஒருவர் மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறாராம். எந்த ஊரோ, ஏனோ, கேட்க வாய் வரவில்லை. முதலில் வேலை விளம்பரத்தை அரசாங்கத் தளத்தில் 14 நாள் போட்டு வைக்க வேண்டும், உள்ளூர் ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு மனுப் போடுவார்கள்.

பாட்டி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"எத்தன பேரு அங்க?"

"முப்பத்திரெண்டு."

"ஒன்னயும் சேத்தா?"