கத்தரிக்கு முன் சாக்பீஸ்!

“உங்க மாமா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒரே ஒரு தடவைதாம்மா. அது அந்தக் காசெட்டிலே இருக்கு. கண்ணை மூடறதுக்குள்ளே இன்னொரு தரம் கேட்டுடணும்.”

அத்தை இப்படிச் சொன்னதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. ‘இந்தா’, ‘யாரங்கே’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி மாமா அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 1991-ல் திருக்கடையூரில் நடந்த அவர்களுடைய அறுபதாம் கல்யாணத்தில், கூட்டத்தில் அத்தையைக் காணாமல் தேடியபோதுதான் அந்த அதிசயம் நடந்ததாம். மாமா காலமாகிப் பத்து வருடங்கள் ஆகிவிட்டன.

அந்த வி.எச்.எஸ். காசெட்டோ மூன்று மணி நேரம். அத்தைக்கு வயது 88. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது. காசெட்டைக் கடையில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி வாங்கினேன். வேண்டியதை மட்டும் தொகுத்துத் தரலாமென்று, மகன் போட்டுக் கொடுத்திருந்த ‘வேகாஸ் புரோ’வைத் திறந்தேன்.

இதில் படம் முழுவதும் ஒரு நீளத் துணி மாதிரி திரையில் விரிந்து கிடக்கும். அதற்கு டைம்லைன் என்று பெயர். படம் ஓடும்போதே ‘எம்’ எழுத்தைத் தட்டினால் அந்த இடத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுக் கொடி விழும். அதுதான் மார்க்கர். மூன்று நாள், மத்தியானச் சமையலறை வேலை முடிந்ததும் உட்கார்ந்து ஒன்பது கொடிகள் நட்டேன். 2 மணி 10 நிமிடத்தில், கழுத்தில் மாலையோடு மாமா கூப்பிடுகிறார்! அது ஏழாவது கொடி.

அங்கேதான் அவசரப்பட்டேன். ஆரம்பத்தில் 40 நிமிடம் வெறும் வேன் பயணமும் காலி நாற்காலிகளும். அதை வெட்டி எறிந்தேன். பின்னாலிருந்த படம் நகர்ந்து வந்து இடைவெளியை நிரப்பிக்கொண்டது. ஏழாவது கொடிக்குப் போனால், பந்தியில் யாரோ பாயசம் குடித்துக்கொண்டிருக்கிறார்! மாமாவின் குரலையே வெட்டிவிட்டேனோ என்று குலை நடுங்கிவிட்டது.

மகனுக்குப் போன் போட்டேன். “பதறாதேம்மா. நீ எத்தனை வெட்டினாலும் மூலப் படம் அப்படியேதான் இருக்கும். கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கு, பழையபடி ஆயிடும். ‘ஆட்டோ ரிப்பிள்’னு ஒண்ணு இருக்கு பார். படம் மட்டும் நகரணுமா, மார்க்கரும் கூடவே நகரணுமான்னு அதிலேதான் சொல்லணும். நீ படத்தை மட்டும் நகர்த்திட்டே” என்றான்.

ரவிக்கைத் துணியில் சாக்பீஸ் கோடு போடாமல் யாராவது கத்தரி வைப்போமா? அந்த மட்டில் நான் செய்தது சரிதான். ஆனால் துணியை இழுத்தால் கோடும் கூடவே வரும். இங்கே நாம் சொன்னால்தான் வரும்! இது தெரியாததால்தான் அத்தனை பதற்றம்.

இன்னும் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். கொடிக்கு எண் தானாக விழும்; ஆனால் வெறும் எண் நாலே நாளில் மறந்துவிடும். கொடியின் மேல் மௌஸின் வலது பொத்தானை அமுக்கி ‘மாங்கல்யம்’, ‘மாமா குரல்’ என்று பெயர் எழுதிவிட வேண்டும். அடுத்தது, மார்க்கர் ஓர் இடத்தை மட்டும்தான் காட்டும். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று இரண்டும் வேண்டுமானால், அந்தப் பகுதியை மௌஸால் தேர்ந்தெடுத்து ‘ஆர்’ எழுத்தைத் தட்ட வேண்டும். இரு முனையிலும் பச்சைக் கொடிகள் விழும். இது ரீஜன். அப்படிக் குறித்த பகுதிகளைத் தனித்தனிப் படமாகவும் எடுத்துக்கொள்ளலாம். நாத்தனாருக்கு அவள் பிள்ளைகள் வரும் பகுதியை மட்டும் அனுப்பி வைத்தேன். அவளுக்கு ஒரே சந்தோஷம்!

ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். எண் 7-ஐத் தட்டி ஓட விட்டேன். மாமா கூப்பிட்டார். அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “இதோ வந்துட்டேங்க” என்றார்.

நானும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“இன்னொரு தரம் போடும்மா.” மறுபடியும் 7. அன்று எத்தனை தடவை தட்டினேனோ, கணக்கில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு காசெட் கிடக்கலாம். பூஞ்சை பிடிப்பதற்குள் மாற்றி வாங்கிவிடுங்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து முதலில் குறியுங்கள். வெட்டுவது அப்புறம் இருக்கட்டும்.