மாணவர் கருத்தும் ஆய்வுப் பயிற்சியும்

மருத்துவக் கல்லூரிகளில் மாணவரிடம் கருத்துக் கேட்பது பல இடங்களில் வெறும் சடங்காகவே நடக்கிறது. ஆண்டு இறுதியில் ஒரு தாள். 'நன்று', 'மிக நன்று' என்று கட்டங்கள். பெயர் எழுதச் சொன்னால் யார் உண்மையை எழுதுவார்? வகுப்பு முடிந்த கையோடு, பெயரில்லாத சீட்டில், 'எந்த இடத்தில் புரியாமல் போனது?' என்று கேட்டால்தான் ஆசிரியருக்கு அடுத்த வகுப்பைத் திருத்த வழி கிடைக்கும்.

கருத்துச் சொல்லும் மாணவருக்குக் கள அனுபவமும் ஆய்வுப் பயிற்சியும் வேண்டும். 2019இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் திறன்சார் பாடத்திட்டம் வந்தது. முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திப்பதும், பின்னர் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிப்பதும் பாடமாயின. ஆய்வுப் பயிற்சிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் நடத்தும் இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டம் இருக்கிறது.

2000இல் தொடங்கிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். இம்மாவட்டத்தில் ஆய்வுக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. உப்பளத் தொழிலாளியின் கால் வெடிப்பும் கண் கூச்சமும் ஒன்று. கயத்தாறு பக்கத்து மானாவாரி விவசாயி பூச்சிமருந்து தெளிக்கையில் முகத்தை மூடுகிறாரா என்பது இன்னொன்று. ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தை இவர்களுக்குப் புரியும் தமிழில் எழுதுவதே பாதிப் பயிற்சி.

வீடு வீடாகப் போய்க் கேட்டறிந்த மாணவர், 'தொழில்சார் நோய்ப் பாடம் போதவில்லை' என்று எழுதினால் அந்தக் கருத்துக்கு எடை அதிகம். அதைத் துறைக் கூட்டத்தில் படித்து, என்ன மாறியது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.