குற்றாலத்துப் பழைய படங்கள்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் திருநெல்வேலிக்காரர்களுக்கு அடிக்கடி மேற்கே பார்க்கும் வழக்கம் உண்டு. மலைமுகட்டில் மேகம் கவிந்திருக்கிறதா, காற்றிலே ஈரம் தட்டுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பார்கள். “குற்றாலத்திலே சாரல் விழுந்தாச்சு” என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். பிரயாணத்துக்கு மூட்டை கட்ட ஆரம்பித்து விடுவார்கள்.

இந்த வருஷம் என் மூட்டையிலே மூன்று பழைய புகைப்படங்களும் இருந்தன. ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் கிடந்தவை. ஒன்றில் பேரருவி; ஒன்றில் ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு பங்களா; ஒன்றில் அதன் முற்றத்திலே துரை, துரைசானி, நாய், பின்னால் வரிசையாக நிற்கும் சிப்பந்திகள். அவர்களில் கோட்டும் தலைப்பாகையுமாகக் கடைசியில் நிற்கிற குமாஸ்தாதான் ஆச்சியின் தாத்தா. படத்தின் பின்புறம் 1909 என்று இங்கிலீஷில் எழுதி, துரையின் பெயரும் துரைசானியின் பெயரும் குறித்திருக்கிறது. நாயின் பெயர்கூட இருக்கிறது. மற்றவர்களுக்கு “சிப்பந்திகள்” என்ற ஒரே சொல்.

இன்றைய வாலிபர்களுக்கு வியப்பாயிருக்கலாம். ஒரு காலத்தில் குற்றாலம் வெள்ளைக்காரர்களின் சுகவாசஸ்தலமாக விளங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கம்பெனியார் இங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் போட்டார்கள். அதற்கு முன்பே, 1792-ல், டேனியல் என்ற பெயர் கொண்ட இரண்டு ஆங்கிலச் சித்திரக்காரர்கள் இந்தச் சீமையில் யாத்திரை செய்தார்கள். அவர்கள் எழுதிய பாபநாசத்து அருவிப் படம் லண்டனில் அச்சாயிற்று.

குற்றாலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 அடி உயரந்தான். அப்படியிருக்க இந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது? மேற்கே மலைத் தொடரில் ஆரியங்காவுக் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறது. மலையாளத்தில் கொட்டித் தீர்த்த மேகங்களின் மிச்சம் அந்த வாசல் வழியாகக் காற்றோடு நுழைந்து சாரலாகச் சிதறுகிறது. சிற்றாறு பெருகிப் பாறையிலே விழுந்து, பொங்குமாகடலில் பொங்கி, தாமிரபரணியைத் தேடி ஓடுகிறது. ஜில்லாவின் கிழக்குப் பாகம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் அதே நாட்களில் இங்கே போர்வை வேண்டியிருக்கும்!

ஆயினும் துரைமாருக்கு இது போதவில்லை. 1819-க்குப் பிறகு நீலகிரியும், 1845-க்குப் பிறகு கோடைக்கானலும் அவர்களுக்கு வழிவிட்டன. 7,000 அடி உயரத்திலே சீமைக் குளிரே கிடைக்கும்போது குற்றாலத்துச் சாரலை யார் தேடுவார்கள்? ஜில்லா உத்தியோகஸ்தர்கள் மட்டும் பருவந்தோறும் வந்துகொண்டிருந்தார்கள். 1904-ல் தென்காசி, செங்கோட்டை வழியாகச் சென்ற ரயில் கணவாயைக் கடந்து கொல்லத்தை எட்டியது. அதன் பிறகு குற்றாலம் ஜனங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வந்துவிட்டது. பிற்காலத்தில் ரஸிகமணி டி. கே. சி. இங்கேயே வாசம் செய்தார். 1954-ல் அவர் மறையும் வரையில், ராஜாஜியும் கல்கியும் தேடி வரும் தமிழ்ச் சபையாக அவருடைய இல்லம் விளங்கியது. துரைமார் போன இடத்திலே கம்பனும் கவிராயரும் குடியேறினார்கள் என்று சொல்லலாம்.

படத்திலுள்ள பங்களாவைத் தேடி அலைந்தேன். அகப்படவில்லை. விடுதிகளும் சிப்ஸ் கடைகளும் நெருங்கிய தெருவில், எது பழைய முற்றம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அருவிப் பாறை அப்படியே இருந்தது. படத்தைக் கையில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மடிப்புக்கூட மாறவில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். படத்தில் அருவியின் கீழே ஓர் ஆள்கூட இல்லை. காரணம் ஆச்சி முன்பே சொல்லியிருந்தாள். படம் எடுத்து முடியும் மட்டும் குளிக்க வந்தவர்களை விலக்கி நிறுத்தினார்களாம். அவளுடைய தாத்தா நாலு வருஷம் துரையோடு வந்தும், துரை தூங்கின பிறகு இராத்திரியில் போய்த்தான் குளிப்பாராம்.

இப்போது அதே அருவியின் கீழே ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நூற்றுக்கணக்கான பேர் தலை கொடுத்து நிற்கிறார்கள். கூச்சல், சிரிப்பு, போலீஸ்காரரின் விசில்! அந்தப் படத்தை இனி யாரும் எடுக்க முடியாது. பழைய பங்களாக்கள் போனதற்கு எனக்கும் சிறிது வருத்தம் உண்டு. அந்த வெறிச்சோடிய அருவி போனதற்கு வருத்தமே இல்லை. நானும் கூட்டத்தில் புகுந்து, என் பங்குக்கு ஒரு முறையும் பெரிய தாத்தாவின் பங்குக்கு ஒரு முறையும் நனைந்தேன்.

ஊர் திரும்பியதும் படங்களை ஆச்சியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏல, ஒரு பேனா எடு. எங்க தாத்தா பேரை எழுதிப் போடு” என்றாள்.

நாயின் பெயருக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன்.