நாலு டிஸ்க் நல்லாத்தான் இருந்துச்சு

திண்டிவனத்துல போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் எனக்குப் பழக்கம். அவர்கிட்ட ஒரு அசெம்பிள்டு பெட்டி. பத்து வருஷக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அதுக்குள்ளதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தப்போ எங்க மாவட்டமே வெள்ளக்காடு. அன்னிக்கு கேமராவைக்கூட விட்டுட்டு இந்தப் பெட்டியைத்தான் முதல்ல மாடிக்குத் தூக்கினாராம். புயல்ல தப்பிச்ச பெட்டி, 2025 ஆவணி முகூர்த்தமெல்லாம் முடிஞ்ச கையோட படுத்துடுச்சு.

"தம்பி, பெட்டி ஆன் ஆவுது. உள்ள ஒரு போட்டோ கூட இல்ல"ன்னு போன். விழுப்புரத்துலேர்ந்து பஸ் பிடிச்சேன்.

பெட்டியில ஓடுறது இசட்.எஃப்.எஸ். 2005-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்டது, இப்ப ஓப்பன் இசட்.எஃப்.எஸ்-ங்கிற பேர்ல லினக்ஸ்லயும் ஓடுது. பல டிஸ்க்கைச் சேர்த்து ஒரே 'பூல்' ஆக்கிடும். அண்ணன்கிட்ட முதல்ல இருந்தது 4 டெராபைட் டிஸ்க் நாலு, ரெய்டு-இசட்1 முறையில. நாலுல ஏதாவது ஒண்ணு செத்தாலும் மத்த மூணை வச்சு எல்லாத்தையும் மீட்டுடலாம். ரொம்ப நல்ல ஏற்பாடுதான்.

2023-ல இடம் பத்தல. தெரிஞ்ச பையன் ஒருத்தன் வந்து அஞ்சாவதா ஒரு டிஸ்க்கை மாட்டி, பத்து நிமிஷத்துல 'இப்ப பாருண்ணா'ன்னு காட்டியிருக்கான். முழுசா 4 டெராபைட் கூடியிருக்கு. அண்ணனுக்கு ஏக சந்தோஷம். அங்கதான் வினை.

நான் போய் 'இசட்பூல் இம்போர்ட்' அடிச்சுப் பார்த்தேன். பூல் கிடைக்கலைன்னு சொல்லுது. ஆனா நாலு டிஸ்க்குக்கு நேரா 'ஆன்லைன்'. அஞ்சாவது மட்டும் 'அன்அவெய்ல்'. ஒண்ணு போனாத் தாங்கணுமே, ஏன் தாங்கல? கொஞ்ச நேரம் முழிச்சிட்டு அப்புறம்தான் அந்த வரிகள் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்தேன். முதல் நாலு டிஸ்க்கும் 'ரெய்டு-இசட்1'ங்கிற தலைப்புக்குக் கீழ ரெண்டு ஸ்பேஸ் உள்ள தள்ளி இருந்துச்சு. அஞ்சாவது அந்தத் தலைப்புக்கு நேரா, வெளிய, தனியா நிக்குது. விஷயம் மொத்தமும் அந்த ரெண்டு ஸ்பேஸ்லதாங்க இருக்கு.

புரியற மாதிரி சொல்றேன். பூலுங்கிறது குரூப்புகளால ஆனது. டிஸ்க் செத்தாத் தாங்கறது குரூப்போட வேலை. குரூப்பே செத்தா பூல் தாங்காது. அந்தப் பையன் அஞ்சாவது டிஸ்க்கை ஏற்கெனவே இருந்த குரூப்புக்குள்ள சேர்க்கல, தனி குரூப்பா பக்கத்துல வச்சிட்டான். 'ஆட்' கட்டளை அதைத்தான் செய்யும். அந்தத் தனி டிஸ்க் போனா அஞ்சும் போச்சு.

அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. 2023-ல ரெய்டு-இசட் குரூப்புக்குள்ள ஒரே ஒரு டிஸ்க்கை நுழைக்க வழியே கிடையாது. அந்த வசதி ஓப்பன் இசட்.எஃப்.எஸ் 2.3-ல, 2025 ஜனவரியிலதான் வந்தது. தனியா சேர்த்துட்டு அப்புறம் கழட்டலாம்னா, ரெய்டு-இசட் இருக்கிற பூல்ல அதுவும் நடக்காது. ஆனா ஒண்ணு, மெஷின் சும்மா விட்டிருக்காது. 'பழசு பாதுகாப்போட இருக்கு, நீ சேர்க்கிறது ஒத்தை டிஸ்க், பொருந்தலையே'ன்னு மறுத்திருக்கும். அதுக்கு மேல 'எஃப்' போட்டாத்தான் ஒத்துக்கும். பிற்பாடு பூலோட ஹிஸ்டரியை எடுத்துப் பார்த்தப்போ அந்த 'எஃப்' தேதியோட அப்படியே இருந்துச்சு :-)

இதுல இன்னொரு கொடுமை. புது டிஸ்க் காலியா இருக்கிறதால, புதுசா எழுதறதுல பெரும்பங்கை இசட்.எஃப்.எஸ் அங்கதான் தள்ளும். அப்ப இந்த ஆவணிக் கல்யாணங்கள்ல நிறைய அந்தச் செத்த டிஸ்க்லதான். அதுல ஒரு கல்யாணத்துல, பொண்ணோட அப்பா முகூர்த்தம் முடிஞ்ச ஒன்பதாம் நாள் மாரடைப்புல போயிட்டாராம். ஆல்பம் இன்னும் பிரிண்டுக்கே போகல. "அந்த வீட்டுக்கு நான் என்னன்னு சொல்றது தம்பி?"ன்னாரு அண்ணன். என்கிட்ட பதில் இல்ல.

முதல்ல கேபிளை மாத்தினேன். டிஸ்க் தலையைக் காட்டுச்சு, அஞ்சு நிமிஷத்துல மறுபடி காணோம். ஸ்மார்ட் ரிப்போர்ட்ல படிக்க முடியாத செக்டார்கள் வரிசையா. ஆக, முழுசாச் சாகல, இழுத்துக்கிட்டு இருக்கு. இந்த நிலைமையில பூலை ஃபோர்ஸ் பண்ணித் திறந்து எழுத விட்டா இருக்கிறதும் போயிடும். அண்ணன், 'ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன்'னு பத்து தடவை சொன்னாரு. கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்கண்ணான்னு சொல்லிட்டேன்.

மறுநாள் விழுப்புரத்துலேர்ந்து அதே அளவுல புது டிஸ்க் ஒண்ணு வாங்கிட்டு வந்து, டிடிரெஸ்க்யூ போட்டேன். இது செக்டார் செக்டாரா நகல் எடுக்கும். கஷ்டப்படுத்துற இடத்தைத் தாண்டிப் போய், நல்லதை முதல்ல அள்ளிட்டு, அப்புறம் திரும்பி வந்து தட்டும். எது முடிஞ்சது, எது பாக்கின்னு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கும், அதனால நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம். (ரெண்டு தடவை போச்சு.) முதல் சுத்து ஒரு ராத்திரி. பாக்கித் துணுக்குகளுக்கு ரெண்டு ராத்திரி. டேபிள் ஃபேனை டிஸ்க் பக்கம் திருப்பி வச்சிட்டு ஸ்டூடியோவோட திரைச்சீலைக்குக் கீழயே படுத்துக்கிட்டேன், மேல அருவி படம்! கடைசியில சில மெகாபைட் தவிர மீதி வந்துடுச்சு.

பழைய டிஸ்க்கைக் கழட்டி ஓரமா வச்சேன். ரெண்டும் ஒரே அடையாளத்தோட இருக்கிறதால சேர்ந்து இருந்தாக் குழப்பம். அப்புறம் ரீட்-ஒன்லியில இம்போர்ட். பூல் திறந்துச்சு. அண்ணன் ஒண்ணும் பேசல, வெளிய போய் ரெண்டு டீயோட வந்தாரு.

11 டெராபைட்டையும் எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டுல காப்பி பண்ண ஒண்ணரை நாள். 23 ஃபைல் மட்டும் படிக்க முடியலைன்னு எர்ரர். அதுல ஒண்ணு அந்தக் கல்யாணம். அதுக்கு முந்தின நம்பர்ல நாதஸ்வரக்காரங்க. அடுத்த நம்பர்ல அந்த அப்பா தாரை வார்த்துக்கிட்டு இருக்காரு, கையெல்லாம் தண்ணி. நடுவுல இருந்தது என்னன்னு தெரியாது. மத்த 800 சொச்சம் படமும் இருந்துச்சு, ஆல்பம் போயிடுச்சு.

பூலை அழிச்சு, ஆறு டிஸ்க்ல ரெய்டு-இசட்2-வா திரும்பக் கட்டியாச்சு. இப்ப ரெண்டு போனாலும் தாங்கும். மாசம் ஒரு தடவை ஸ்க்ரப் ஓடுதான்னும் பார்த்துட்டேன், டிஸ்க் முழுக்கப் படிச்சுச் சரிபார்க்கிற வேலை அது. கனடாவுல லைனஸ் டெக் டிப்ஸ்னு பெரிய வீடியோ கம்பெனி, இதை ஓட விடாமலே வருஷக்கணக்கா வச்சிருந்து டேட்டாவைத் தொலைச்ச கதையை 2022 ஜனவரியில அவங்களே வீடியோவாப் போட்டாங்க.

எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெண்டும் இப்ப அண்ணன் வீட்டு பீரோவுல, பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. வாரம் ஒருக்கா எடுத்துட்டு வந்து புதுசை ஏத்தணும்னு ஏற்பாடு. போன மாசம் ரெண்டு வாரம் விட்டுட்டாரு. 'முகூர்த்த நாளுப்பா, நேரமில்ல'ங்கறாரு.