உடைந்த கலயம்

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாற்று வெள்ளம் வடிந்து, சைதாப்பேட்டைத் தெருக்களில் சேறு மண்டிக் கிடந்தது. பள்ளிவாசலில் உணவுப் பொட்டலம் வாங்க வந்த முதியவர் ஒருவரிடம், "எல்லாம் இறைவனின் தண்டனை, பெரியவரே!" என்றோம். அவர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "நான் செய்த பாவம் என்ன, பாய்?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை.

அன்றிரவு எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வரலாற்றைப் புரட்டினோம். எரேமியா இன்னோம் பள்ளத்தாக்கில் மூப்பர்கள் காண மண்கலயத்தை உடைத்து, எருசலேமும் இவ்வாறே நொறுங்கும் என்றார். எசேக்கியேல் 390 நாள் இடப்புறமும் 40 நாள் வலப்புறமும் படுத்துக் கிடந்தார். நிறுத்துக் கொடுத்த அப்பத்தையே உண்டார்.

அவர்கள் எச்சரித்தது அழிவுக்கு முன்னர். அறிவித்த தீர்ப்பின் சுமையையும் தம் உடலிலேயே ஏற்றனர். கி.மு. 586 அளவில் நகரம் வீழ்ந்தபோது, எரேமியாவும் கைதிகளோடு விலங்கு பூண்டு நின்றார்.

நாமோ, வெள்ளம் வடிந்த பின் நனையாத மாடியிலிருந்து இறங்கி வந்து தீர்ப்புரைத்தோம்! செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதையும், ஆற்றங்கரையில் குடியிருப்போர் ஏழைகளே என்பதையும் எண்ணிப் பார்த்தோமில்லை. யூனுஸ் நபியின் சமூகத்தார் மனந்திருந்தியதும் வேதனை விலகியதைத் திருமறையில் ஓதியும் மறந்திருந்தோம்.

மறுநாள் முதியவரின் குடிசையைத் தேடிச் சென்றோம். மன்னிப்புக் கேட்க நாவெழவில்லை. மண்வெட்டியை வாங்கிச் சேற்றை அள்ளினோம். எவர் பாவத்திற்கு எது தண்டனை என்பதை இறைவனே அறிவான்.